ஆகஸ்டில் கிழக்குக் கரை, தையில் மேற்குக் கரை: வன்னியில் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட ஏற்ற பாதைகள்

நீங்கள் கேட்டது இது. ஆகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து கிளிநொச்சியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஒரு வாரம் வருகிறீர்கள். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. இருவருக்கும் சைக்கிள் ஓடத் தெரியும், ஆனால் இதுவரை ஓடியதெல்லாம் தொடர்மாடிக்குக் கீழே உள்ள முற்றத்தில்தான். குளமும் வயலும் கடலும் பார்க்கிற மாதிரி, பிள்ளைகளோடு பயமில்லாமல் ஓடக்கூடிய பாதைகள் வன்னியில் எவை, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடலாம், சைக்கிளைக் கொழும்பிலிருந்து கொண்டுவர வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் கிளிநொச்சிக்காரன். என் பிள்ளைகள் இருவரையும் இந்தப் பாதைகளில்தான் சைக்கிள் பழக்கினேன். பாதைகளைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே தூரத்தைப் பார்த்து நாளைத் திட்டமிடக் கூடாது, காற்றைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். வன்னியில் ஏற்றம் இறக்கம் கிடையாது. நிலம் மேசை மாதிரித் தட்டையாக இருக்கும். அதனால் ‘இருபது கிலோமீற்றர்தானே’ என்று தோன்றும். ஆனால் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும். காலை ஆறு மணிக்கு இலை அசையாது. ஒன்பது மணிக்குப் பிறகு வெளியான இடங்களில் எதிர்க்காற்றில் உழக்குவது மலை ஏறுவதற்குச் சமம். எட்டு வயதுப் பிள்ளை அந்தக் காற்றில் இரண்டு கிலோமீற்றருக்குள் களைத்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், மகளையும் அவளுடைய மச்சானையும் கூட்டிக்கொண்டு பூநகரியிலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்துக்குப் புறப்பட்டேன். பத்துக் கிலோமீற்றர் அளவுதான் தூரம். போகும்போது காற்று முதுகில் தள்ளியது. பிள்ளைகள் பாடிக்கொண்டே ஓடினார்கள், நானும் நேரத்தைப் பார்க்கவில்லை. பாலத்தில் நின்று கடல்நீரேரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மணி பத்து. அந்தக் காற்று இப்போது முழுக்க முகத்தில். இரண்டு பக்கமும் நீர், ஒதுங்குவதற்கு ஒரு மரம்கூட இல்லை. கொண்டுபோன தண்ணீர் பாதி வழியில் முடிந்தது, மகள் வீதியோரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். வலை ஏற்றிக்கொண்டு லான்ட்மாஸ்டரில், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், வந்த ஒருவர்தான் நிறுத்தி, எங்களையும் மூன்று சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டுபோய்ப் பூநகரியில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: முதல் பாதியில் எதிர்க்காற்று, திரும்பும் பாதியில் பின்காற்று. அப்படி அமையாத பாதையென்றால் காற்று எழும்புவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

சரி, இதை வைத்துப் பார்த்தால் உங்கள் வாரம் தானாகவே அமைந்துவிடும். ஆகஸ்டில் மேற்குக் கரை, அதாவது பூநகரியும் மன்னாரும், பிள்ளைகளுக்குக் கடினம். கிழக்குக் கரையான முல்லைத்தீவுப் பக்கம் இதமாக இருக்கும். காற்று நிலத்துப் பக்கத்திலிருந்து வருவதால் தென்னந்தோப்புகளும் காடும் அதைத் தடுத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஆர்ப்பரிக்கிற கடலும் ஆகஸ்டில் ஓரளவு அடங்கியிருக்கும். உள்நாட்டில் இரணைமடு எப்போதும் கைகொடுக்கும், அதிகாலையில் போனால்.

இரணைமடுவிலிருந்தே தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு முதல் நாள் அதுதான் சரி. இரணைமடுச் சந்தி ஏ-9 வீதியில் கிளிநொச்சி நகருக்குத் தெற்கே இருக்கிறது. நகரத்திலிருந்து சந்தி வரை ஏ-9 இல் பிள்ளைகளை ஓடவிட வேண்டாம். இரவு முழுக்க ஓடிவந்த கொழும்பு பஸ்களும் லொறிகளும் விடியற்காலையில் அந்த வீதியில் பறக்கும். சந்தி வரை சைக்கிள்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள், அங்கிருந்து கிழக்கே குளத்துக்குப் போகிற வீதியில் இறங்குங்கள். சில கிலோமீற்றர்தான். இடையில் தேத்தண்ணிக்கடைகள் உண்டு. குளத்தடியில் கனகாம்பிகை அம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டுக் குளக்கட்டின்மேல் ஏறுங்கள்.

குளக்கட்டில் ஏறுகிற அந்த நிமிடத்துக்காகவே பிள்ளைகளை ஐந்தே காலுக்கு எழுப்பலாம். கீழே இருக்கும்போது ஒன்றும் தெரியாது. மேலே வந்ததும் ஒரு பக்கம் எல்லை தெரியாத நீர், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை வயல். இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்நிலை. கனகராயன் ஆற்றை மறித்து நூறு வருடங்களுக்கு முன் கட்டியது. வட மாகாணத்திலேயே பெரிய குளம் இதுதான். புனரமைப்புக்குப் பிறகு முழு நீர்மட்டம் 36 அடி. ஊரில் மழைக்காலத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் ‘குளம் எத்தனை அடி?’ என்றுதான் கேட்பார்கள். மிஞ்சிய நீரை வெளியேற்றுகிற வான் கதவுகளைத் திறக்கிற நாளில் சுற்றுவட்டாரமே பார்க்க வந்துவிடும். நீங்கள் வருகிற ஆகஸ்டில் நீர் வற்றிப் பின்வாங்கியிருக்கும். ஏமாற வேண்டாம், பறவை பார்க்க அதுதான் நல்ல காலம். சேறு தெரிகிற ஓரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூட்டமாக நிற்கும், மாடுகள் குளத்துப் படுகைக்குள் இறங்கி மேயும். மகளிடம் ஒரு தொலைநோக்கி கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. கட்டிலிருந்து நீரோரத்துக்குப் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. ‘சின்னக் குளம்தானே’ என்று எந்தக் குளத்திலும் கால் நனைக்க விட வேண்டாம். ஊர்க்காரர் குளிக்கிற துறையிலும் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இரணைமடுவில் இன்னொரு அருமை இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. குளத்திலிருந்து இடது கரை வாய்க்கால், வலது கரை வாய்க்கால் என்று இரண்டு பிரிந்து வடக்கே போகின்றன. அவற்றின் கரையோடு கிறவல் (சரளை மண்) பாதைகள் ஓடும். இடது கரை கிளிநொச்சி, உருத்திரபுரம் பக்கத்து வயல்களுக்கு நீர் கொடுக்கிறது. வலது கரை வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பக்கம். இந்தப் பாதைகளில் எதிரே வருவது அநேகமாக ஓர் உழவு இயந்திரம், இல்லையென்றால் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள். ஒரு பக்கம் ஓடுகிற தண்ணீர், அங்கங்கே மருதமர நிழல், மதகுக்கு மதகு நின்று மீன் பார்க்கலாம். இரண்டாம் நாள் காலை வட்டக்கச்சிப் பக்கம் ஒரு பத்துக் கிலோமீற்றர் சுற்றி வாருங்கள். ஆகஸ்டில் சிறுபோக நெல் விளைந்து நிற்கும், சில இடங்களில் வெட்டும் நடக்கும். வீதியில் நெல் காயப்போட்டிருந்தால் அதன்மேல் ஏறாமல் இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே அடுத்த முறை முதலில் இறங்குவார்கள்.

கிறவல் பாதையில் இறங்குமுன் பிறேக் பிடிக்கிற முறையைப் பழக்கிவிடுங்கள். முன் பிறேக்கை மட்டும் பட்டென்று பிடித்தால் சில்லு சறுக்கிப் பிள்ளை தலைகுப்புற விழும். பின் பிறேக்கை முதலில், மெதுவாக. முற்றத்தில் ஓடிய பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது.

இனி முல்லைத்தீவு. பரந்தனிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். ஆகவே வாகனத்தில் போய் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். இரண்டு பாதைகள் சொல்கிறேன்.

முதலாவது தண்ணீரூற்றில் தொடங்கி, முள்ளியவளை வழியாக வற்றாப்பளை. ஒரு வழி நாலைந்து கிலோமீற்றர்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. தண்ணீரூற்று என்ற பெயரே ஊற்றிலிருந்து வந்தது. ஊற்றங்கரைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் புறப்படலாம். பனையும் வயலும் தோட்டமுமாகப் பாதை போகும். முடிவில் நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி ஈழத்தில் தங்கிய பத்தாவது இடம் இது, ‘பத்தாம் பளை’தான் வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர் வழக்கு. வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல்நீரை எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரிலேயே விளக்கு எரிப்பார்கள். நீங்கள் ஓடிவந்த வழியிலேயே அந்தக் கோயிலும் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டு ஓடினால் தூரம் தெரியாது. கோயிலடியில் நின்று நீரேரியைப் பாருங்கள். அதிகாலையில் இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இரண்டாவது கடற்கரைப் பாதை. முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே சிலாவத்தை, உடுப்புக்குளம், அளம்பில் என்று போகும். அளம்பில் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். தென்னந்தோப்புக்குள்ளால் ஓடும்போது இடது பக்கம் கடல் தெரிந்து தெரிந்து மறையும். மகளுக்கு இது பிடிக்கும். மகனுக்குப் போகவர இருபது கிலோமீற்றருக்கு மேல் என்பது கூடுதல். ஆகவே அளம்பிலில் வாகனத்தை நிற்கச் சொல்லிவிட்டு ஒரு வழி மட்டும் ஓடுங்கள். இன்னும் தெற்கே செம்மலையும் நாயாறும் அழகுதான், நாயாற்று நீரேரி கடலோடு சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அதை வாகனத்தில் போய்ப் பாருங்கள். முல்லைத்தீவுக் கடலில் குளிக்கிற ஆசை வந்தால் அடக்குங்கள். கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் விழும், நீரோட்டம் இழுக்கும். கரையில் வலை இழுக்கிறவர்களிடம் கேளுங்கள், ‘பிள்ளையளை இறக்க வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள்.

நகருக்கு வடக்கே வட்டுவாகல் பாலம் தாண்டி முள்ளிவாய்க்கால் இருக்கிறது. 2009 இல் ஆயிரக்கணக்கான எங்கள் சனம் உயிரிழந்த மண் அது. என் உறவுகளும் அதில் உண்டு. அந்த வழியைக் காட்சி பார்க்கிற சைக்கிள் பாதையாக நான் யாருக்கும் சொல்வதில்லை. போகக் கூடாது என்றும் சொல்லமாட்டேன். போவதென்றால் அதற்கென்றே ஒரு நேரம் ஒதுக்கி, வாகனத்தில் போய், நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். 12 வயது மகளுக்கு முதல் நாள் இரவே என்ன நடந்தது என்று சொல்லிவிடுங்கள். அவள் கேள்வி கேட்பாள். வீதியில் வைத்து அவசரமாகச் சொல்கிற பதில் அல்ல அது. பழைய பாலம் ஒடுக்கம், புதிய பாலத்துக்கான வேலையும் 2025 இல் தொடங்கியது. ஆகவே பிள்ளைகள் சைக்கிளில் அதைக் கடக்க வேண்டாம்.

பூநகரி, மன்னார் பக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். தை அல்லது மாசியில் இன்னொரு தரம் வர முடிந்தால் அவைதான் முதலிடம். மழை ஓய்ந்திருக்கும், சோளகம் இன்னும் தொடங்கியிருக்காது, பூநாரைகள் நீரேரிகளில் நிற்கும். பூநகரியில் பழைய கோட்டையைப் பார்த்துவிட்டுக் கௌதாரிமுனைப் பக்கம் போனால் மணல்மேடுகளும் ஆளரவமில்லாத கடற்கரையும் இருக்கும். மணல் மூடிய இடங்களில் மெல்லிய சில்லு புதையும், இறங்கித் தள்ள வேண்டிவரும். மன்னாரில் தள்ளாடியிலிருந்து தீவுக்குப் போகிற தாம்போதியின், அதாவது கடல்நீருக்குக் குறுக்கே போட்ட வீதியின், இரு பக்கமும் வங்காலைப் பறவைகள் சரணாலயம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள இடம். தீவுக்குள் பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் (பாவோபாப்) இருக்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். ஒருவரின் கைவிரிப்பு ஐந்தரை அடி என்றால் கிட்டத்தட்டப் பன்னிரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். பிள்ளைகள் அளந்து பார்க்கட்டும். பெருநிலப்பரப்பில் திருக்கேதீஸ்வரம் சிவன் கோயிலும் அதன் பாலாவித் தீர்த்தமும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், சுற்றிவர அமைதியான பாதைகள். மன்னார்த் தீவை வன்னி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். தேர்தல் மாவட்டக் கணக்கில் மன்னார் வன்னியோடுதான், கிளிநொச்சிதான் யாழ்ப்பாணத்தோடு. எப்படியானாலும் ஆகஸ்டில் அங்கே என்ன காற்று என்பதற்குத் தீவின் தென்கரையில் நிற்கிற காற்றாலைகளே சாட்சி.

போகக் கூடாத இடங்களையும் சொல்ல வேண்டும். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு வீதிகள் நிழலும் குளிர்ச்சியுமாக ஆசை காட்டும். பாலைப்பழக் காலத்தில் என்னாலேயே விட முடியாது. ஆனால் அங்கே யானை நடமாட்டம் உண்டு. பொழுதுபடுகிற நேரத்திலும் விடியுமுன்னும் சைக்கிளில் பிள்ளைகளோடு அந்த வீதிகளில் இருக்கவே கூடாது. முத்தையன்கட்டுக் குளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பகலில், வாகனத்தில், ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள்.

மிதிவெடி பற்றிச் சித்தி உங்களிடம் நிச்சயம் சொல்வார், அதைக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் அகற்றிவிட்டார்கள், சில இடங்களில் வேலை இன்னும் நடக்கிறது. நான் சொன்ன பாதைகள் எல்லாம் சனம் தினமும் புழங்குகிற பாதைகள். அவற்றை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம், அவசரத்துக்கு ஒதுங்குவதற்கும் கூட. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை எங்கே கண்டாலும் நிறுத்தி வந்த வழியே திரும்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். மண்ணில் கிடக்கிற எந்த இரும்பையும் எடுக்கக் கூடாது. என் பிள்ளைகளுக்கு எழுத்து பழகுமுன்பே இது பழகிவிட்டது.

தூரம் கேட்டீர்கள். மகனுக்கு ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர், அதுவும் மூன்று நாலு இடங்களில் நின்று. மகளுக்கு இருபது. ஐந்தரைக்குத் தயாராகி, ஆறுக்கு வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, ஒன்பதுக்கு முன் நிழலுக்கு வந்துவிட வேண்டும். மாலையில் நாலரைக்குப் பிறகு கொஞ்சம் ஓடலாம், ஆறுக்கு வீட்டில். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், அதற்கு மேலும் ஒரு போத்தல். உப்புச் சேர்த்த மோரும் கொண்டுபோங்கள். வழியில் இளநீர் கண்டால் விடாதீர்கள்.

சைக்கிளைக் கொழும்பிலிருந்து சுமந்துவர வேண்டாம், மகனுடையதை மட்டும் கொண்டுவாருங்கள். சின்னப் பிள்ளைக்கு உயரம் சரியான சைக்கிள் இரவல் கிடைப்பது கஷ்டம். பெரியவர்களுக்கும் மகளுக்கும் சித்தியின் ஒழுங்கையிலேயே கிடைத்துவிடும். இங்கே சைக்கிள் இல்லாத வீடு அரிது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், நோயாளியையும் நெல்மூட்டையையும் கட்டிலையும்கூடச் சைக்கிளில்தான் கொண்டுபோனோம். அந்தப் பழக்கத்தால் ஒட்டுப் போடுகிற கடை ஊருக்கு ஊர் இன்னும் உண்டு. ஆனாலும் கிறவலில் முள்ளுக் குத்தும், காற்றடிக்கிற பம்பு ஒன்றும் ஒட்டுப் போடுகிற சாமானும் பையில் இருக்கட்டும். இரவல் சைக்கிளை வாங்கியதும் பிறேக் கட்டையையும் செயினையும் பாருங்கள், ஆசனத்தைப் பிள்ளையின் பெருவிரல்கள் நிலத்தில் படுகிற உயரத்துக்கு இறக்குங்கள்.

மகன் களைத்தால் கரியரில் ஏற்றலாமா என்று கேட்பீர்கள். ஏற்றலாம், ஆனால் பின்சில்லின் கம்பிகளை மறைக்கிற வலையோ துணியோ இறுக்கக் கட்டாமல் ஏற்றாதீர்கள். தூக்கம் வந்த பிள்ளையின் கால் சில்லுக்குள் போய்க் குதிக்கால் கிழிந்ததை எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். சப்பாத்து போட்டிருக்க வேண்டும், செருப்பு அல்ல. அவனுடைய சைக்கிளை அப்போது யார் கொண்டுவருவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்வது, வீட்டிலிருந்து ஒருவர் மோட்டார்சைக்கிளில் எட்டரை மணிக்கு ஒரு மதகடியில் வந்து நிற்பார், கூடவே ஒரு பார்சல் புட்டும் சம்பலும்.